மிக்கி மாநாடு: மருந்து வேதியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் மருந்து வேதியியல் படிக்கும் பிஎச்.டி. மாணவர்கள் தாங்களே ஏற்பாடு செய்து, தாங்களே பேசி நடத்தும் ஆண்டு மாநாடு ஒன்று இருக்கிறது. பெயர் மிக்கி. நம் ஊரில் பி.ஃபார்ம், எம்.ஃபார்ம், எம்.எஸ்சி. முடித்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் முதல் வருடத்திலேயே இந்தப் பெயரைக் கேட்டுவிடுவார்கள். போகலாமா, எதைப் பேசுவது, கைடு ஒத்துக்கொள்வாரா, காப்புரிமை என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மிக்கி என்றால் என்ன?

மினசோட்டா, அயோவா, கான்சஸ், இல்லினாய் என்ற நான்கு மாநிலப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். இந்த நான்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஃபார்மசி கல்லூரிகளில் இருக்கும் மருந்து வேதியியல் துறைகள் சேர்ந்து நடத்துகின்றன. 1960களில் தொடங்கியது. வசந்த காலத்தில், வழக்கமாக ஏப்ரலில், வாரக்கடைசியை ஒட்டி நடக்கும். ஒரு வருடம் ஒரு பல்கலைக்கழகம் என்று முறை வைத்துப் பொறுப்பெடுத்துக்கொள்கிறார்கள். தேசிய மாநாடுகளோடு ஒப்பிட்டால் சின்னது. சின்னதாகவே இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள்.

இல்லினாய் என்றால் எந்த இல்லினாய்?

சிகாகோ நகரத்தில் இருக்கும் இல்லினாய்ப் பல்கலைக்கழகம். அர்பானா-ஷாம்பெய்னில் இருக்கும் வளாகம் வேறு. அங்கே ஃபார்மசி கல்லூரி கிடையாது. சிகாகோ பல்கலைக்கழகம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விண்ணப்பம் போடும்போதே பலர் இதில் குழம்புகிறார்கள். மற்ற மூன்றும் மினியாபொலிஸ், அயோவா சிட்டி, லாரன்ஸ் நகரங்களில் இருக்கின்றன.

அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பெரிய மாநாடு இருக்கும்போது இது எதற்கு?

அந்தப் பெரிய மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். ஒரே நேரத்தில் பல அறைகளில் உரைகள் நடக்கும். உங்கள் போஸ்டர் நூற்றுக்கணக்கான போஸ்டர்களில் ஒன்றாகத் தொங்கும். இரண்டாம் வருட மாணவர் அங்கே நின்றால் பெரும்பாலும் பக்கத்துப் போஸ்டர்காரரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மிக்கியில் எல்லோரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து எல்லோருடைய பேச்சையும் கேட்பார்கள். எதிரே இருப்பவர்கள் உங்களைப் போலவே கலவையைப் பிரிக்க காலம் (column) போட்டு, டிஎல்சி தகட்டில் பார்த்து, மூலக்கூறின் அமைப்பை அறிய என்எம்ஆர் ஓட்டுகிறவர்கள். மருந்து வேதியியல் துறைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவை வேதியியல் துறைக்குள் இருக்காமல் ஃபார்மசி கல்லூரிக்குள் இருக்கின்றன. கரிம வேதியியல்காரர்களின் கூட்டத்துக்குப் போனால் 'உங்கள் சின்தெசிஸில் (மூலக்கூறைச் செய்யும் வழியில்) புதிதாக என்ன இருக்கிறது' என்பார்கள். மருந்தியல்காரர்களின் கூட்டத்துக்குப் போனால் மூலக்கூறின் படத்தைக் காட்டியதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு மூலக்கூறில் எந்த மூலையை மாற்றினால் மருந்துத் தன்மை என்ன ஆகிறது என்பதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் ஒரே அறையில் கூடுவது அபூர்வம். அந்த அறைக்காகவே போகலாம்.

இந்த நான்கு இடங்களிலும் உருப்படியாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்?

நிறைய. மாநாட்டுக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதைகள் அங்கே இன்னும் பேச்சில் இருக்கின்றன.

மினசோட்டாவில் ராபர்ட் வின்ஸ் கார்போவிர் என்ற, நியூக்ளியோசைடு (டி.என்.ஏ.வின் கட்டுமானத் துண்டு) போன்ற மூலக்கூறை உருவாக்கினார். எச்.ஐ.வி.க்கு எதிராக நன்றாக வேலை செய்தது. ஆனால் சரியாகக் கரையவில்லை, வாய்வழியாகக் கொடுத்தால் உடம்பில் போதுமான அளவு சேரவில்லை. வின்ஸிடம் பிஎச்.டி. செய்துவிட்டு நிறுவனத்துக்குப் போன சூசன் டாலூஜ், மூலக்கூறின் ஒரு முனையில் சைக்ளோபுரொப்பைல் அமினோ குழுவை வைத்து மாற்றியமைத்தார். அதுதான் அபாகாவிர். செல்லுக்குள் போனதும் கார்போவிர் எந்த வடிவத்தில் வேலை செய்யுமோ அந்த வடிவமாகவே மாறிவிடும். 1998 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு உரிமத் தொகையாக 60 கோடி டாலருக்கும் மேல் வந்து சேர்ந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில். அரசின் இலவச கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையும் அதில் இருந்தது. பின்னாளில் அத்திட்டத்தின் கீழ் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் அபாகாவிரும் சேர்ந்தது.

சிகாகோவில் அருண் கோஷ் செய்த வேலையிலிருந்து வந்தது டாருனாவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து. கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் கான்பூர் ஐஐடியிலும் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் அவர். வைரஸ் மரபு மாறி மருந்துக்குத் தப்பினாலும், அதன் புரதங்களை வெட்டித் தரும் புரோட்டியேஸ் நொதியின் முதுகெலும்பு (புரதத்தின் மூலச் சங்கிலி) அவ்வளவாக மாறுவதில்லை. அந்த முதுகெலும்போடு ஹைட்ரஜன் பிணைப்புகள் போடும்படி மூலக்கூறை வடிவமைத்தால் எதிர்ப்பு வருவது கடினம் என்று யோசித்தார். 2006இல் அனுமதி கிடைத்தது.

கான்சஸின் பலம் வேறு மாதிரி. இருக்கிற மருந்தை உடம்புக்குள் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் கைவந்த கலை. மருந்தாக்க அறிஞர் தகேரு ஹிகுச்சி 1967இல் லாரன்ஸுக்கு வந்த பிறகு அந்த மரபு அங்கே வேர்பிடித்தது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் ஊசி கரைய வேண்டுமென்றால் கடும் காரத்தன்மையோடு இருக்க வேண்டும். நரம்பு வழியாகப் போட்டால் எரியும், கைத் திசு கெட்டுப்போவதும் உண்டு. அதில் பாஸ்பேட் குழுவைச் சேர்த்து நீரில் நன்றாகக் கரையும் ஃபாஸ்ஃபெனிடோயினாக மாற்றியது வாலன்டினோ ஸ்டெல்லாவின் குழு. கரையாத மருந்தைத் தன்னுள் வைத்துக் கரைக்கும் சர்க்கரை வளையம் சைக்ளோடெக்ஸ்ட்ரின்; அதில் அதே குழுவின் கண்டுபிடிப்பான கேப்டிசால், கொரோனா காலத்தில் நாம் தேடி அலைந்த ரெம்டெசிவிர் குப்பிக்குள்ளும் இருந்தது.

அயோவாவில் ஃபார்மசி கல்லூரிக்கு உள்ளேயே மருந்து தயாரிக்கும் பிரிவு ஒன்று இயங்குகிறது. கல்லூரிக்குள் அப்படி ஒன்று இருப்பது அரிது. மாநாடு அங்கே நடக்கும் வருடம் போனால் அதைச் சுற்றிப் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பேசுவது யார்? பேராசிரியர்கள் பேச மாட்டார்களா?

சிறப்புரைக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். மற்றபடி மேடை மாணவர்களுக்கும் முதுமுனைவர் ஆய்வாளர்களுக்கும்தான். பேராசிரியர்கள் அரங்கில் உட்கார்ந்து கேட்பார்கள், கேள்வி கேட்பார்கள், பரிசுக்கு மதிப்பெண் போடுவார்கள். நிகழ்ச்சியை நடத்துவது, நேரம் முடிந்தால் மணி அடிப்பது, அடுத்தவரைக் கூப்பிடுவது எல்லாம் மாணவர்கள்.

என் வேலை பாதியில் நிற்கிறது. நல்ல ரிசல்ட் இல்லை. போகலாமா?

அப்படியென்றால் கண்டிப்பாகப் போக வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மாநாட்டின் உயிரே பாதியில் நிற்கும் வேலைதான். முடிந்த வேலையை யார் வேண்டுமானாலும் இதழில் படித்துக்கொள்வார்கள்.

ஒரு போஸ்டர் முன்னால் நடக்கக்கூடிய பேச்சைச் சொல்கிறேன். மாணவர் ஒருவரின் காம்பவுண்டு நொதியைத் தனியாக எடுத்துச் சோதித்தால் 40 நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவிலேயே தடுக்கிறது. செல்லில் போட்டால் 10 மைக்ரோமோலார், அதாவது 250 மடங்கு, வரை ஏற்றினாலும் அசையவில்லை. படத்தைப் பார்த்ததும் வேறு பல்கலைக்கழகத்தில் புரோட்ரக் (உடம்புக்குள் போன பிறகு மருந்தாக மாறும் மூலக்கூறு) வேலை செய்யும் ஒருவர், "கார்பாக்சிலிக் அமிலம் அப்படியே நிற்கிறதே, சவ்வைத் தாண்டுமா?" என்பார். "அமிலத்தை மூடி எஸ்டர் செய்து பார்த்தோம், செல்லில் வேலை செய்தது. ஆனால் எலி பிளாஸ்மாவில் சில நிமிடத்தில் உடைந்துவிட்டது, அதனால் கைவிட்டோம்" என்பார் இவர். "எலி பிளாஸ்மாவில் எஸ்டரை உடைக்கும் கார்பாக்சில்எஸ்டரேஸ் நொதி ஏராளமாக இருக்கும். மனித பிளாஸ்மாவில் அது இல்லை. மனித பிளாஸ்மாவில் பார்த்தீர்களா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். இவர் பார்த்திருக்க மாட்டார். குப்பையில் போட்ட எஸ்டர் திங்கட்கிழமை காலை மறுபடி மேஜைக்கு வந்துவிடும்.

இரண்டு நிமிடப் பேச்சு இது. ஆனால் அந்த எஸ்டர் செத்துவிட்டது என்பதை மறைத்து, 40 நானோமோலாரை மட்டும் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. வேலை செய்யாத காம்பவுண்டுகளுக்கும் போஸ்டரில் இடம் கொடுங்கள். எந்த இடத்தில் மெத்தில் வைத்ததும் எல்லாம் படுத்துவிட்டது என்ற தகவல்தான் நொதியின் பள்ளம் அங்கே எவ்வளவு இறுக்கம் என்பதைச் சொல்கிறது.

போஸ்டர் போடுவதா, டாக் கொடுப்பதா?

முதல் தடவை போஸ்டர். ஒரே கதையைப் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்லும்போது எந்த இடத்தில் கேட்கிறவர் முகம் சுருங்குகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த வருடம் டாக்.

கால் மணி நேரத்தில் எதைச் சொல்வது?

மாணவர் உரைகளில் அடிக்கடி நடப்பது இது. நோயைப் பற்றி நாலு ஸ்லைடு, உலகில் எத்தனை பேருக்கு அந்த நோய் என்று ஒரு வரைபடம், இலக்குப் புரதத்தின் வரலாறு. பாதி நேரம் போய்விடும். அப்புறம் முப்பது காம்பவுண்டுகள் கொண்ட அட்டவணையை எட்டுப் புள்ளி எழுத்தில் காட்டி, "சிறந்தது 17ஏ" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கேட்கிறவர் 17ஏ எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு மாறியிருக்கும்.

இந்த அரங்குக்கு நோயின் அறிமுகம் ஒரு ஸ்லைடு போதும். மூலக்கூறைப் பெரிதாக வரையுங்கள். அதில் எந்தெந்த இடங்களை மாற்றினீர்கள் என்பதை நிறம் போட்டுக் காட்டுங்கள். பிறகு ஒரு ஸ்லைடுக்கு ஒரு இடம். இந்த வளையத்தில் குளோரின் வைத்தோம், ஐந்து மடங்கு கூடியது. மெத்தாக்சி வைத்தோம், செத்தது. ஆகவே அங்கே எலக்ட்ரான் குறைவாக இருக்க வேண்டும் என்று நினைத்து சயனோ வைத்தோம், நினைத்தது சரிதான் என்று தெரிந்தது. இப்படிச் சொன்னால் கேட்கிறவர் உங்களோடு சேர்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அட்டவணை முழுவதையும் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். யாராவது கேட்டால் திறக்கலாம்.

சின்தெசிஸ் திட்டத்தைப் படிப்படியாக வாசிக்க வேண்டாம். எந்தப் படி கழுத்தை அறுத்தது, அதை எப்படித் தாண்டினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

இன்னொன்று. திறன் மட்டும் போதாது. கரைதிறன், கல்லீரலின் நொதிகள் அடங்கிய மைக்ரோசோமில் எவ்வளவு நேரம் தாங்குகிறது, இதய அயனி வாய்க்காலான ஹெர்க்கைத் தொடுகிறதா என்பது குறித்து ஒரு எண்ணாவது கையில் இருக்கட்டும். இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூலக்கூறின் அமைப்பைக் காட்டினால் காப்புரிமை போய்விடுமா?

போகலாம். இந்தக் கேள்வியை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

அமெரிக்கச் சட்டப்படி, கண்டுபிடித்தவர் தானே வெளியிட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போட்டுவிட்டால் அந்த வெளியீடு அவருக்கு எதிராக வராது. இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவும், அறிவியல் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரைக்கு 12 மாத அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட சலுகை கிடையாது. அங்கே விண்ணப்பத்துக்கு முந்தின நாள் போஸ்டர் தொங்கியிருந்தாலும் புதுமை போயிற்று. மருந்து நிறுவனம் எதுவும் ஐரோப்பா இல்லாத உரிமத்தை விரும்பி வாங்காது. எனவே அமெரிக்காவின் ஒரு வருட அவகாசத்தை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

'சின்ன மாநாடுதானே, போஸ்டர்தானே' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கு. கான்சஸ் மாநிலத்தோடு தொடர்புடையதுதான். சோயா நார்ச்சத்து சம்பந்தமான ஆய்வு ஒன்றை 1998இல் ஒரு சங்கக் கூட்டத்தில் இரண்டரை நாள் போஸ்டராக ஒட்டியிருந்தார்கள். பிறகு கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளுக்கும் குறைவாக. பிரதி எதுவும் கொடுக்கவில்லை, நூலகத்திலும் வைக்கவில்லை. 2000இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்தப் போஸ்டரே அச்சு வெளியீடுதான், ஆகவே காப்புரிமை கிடையாது என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது, பார்த்தவர்கள் யார், படியெடுக்கக் கூடாது என்று எழுதியிருந்ததா, படியெடுப்பது எளிதா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்த்தது.

செய்ய வேண்டியது இதுதான்: சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே கைடிடம் கேளுங்கள். அனுப்பிய சுருக்கம் அச்சாகி எல்லோர் கைக்கும் போகும், அதுவும் வெளியீடுதான். காக்க வேண்டிய சங்கதி என்றால் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வணிக அலுவலகம் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுத் தரும். அவர்களுக்குக் கடைசி வாரத்தில் போய் நிற்காமல் சில வாரமாவது அவகாசம் கொடுங்கள். அதுவும் முடியவில்லையென்றால் ஏற்கெனவே வெளியான தொடரைப் பற்றிப் பேசுங்கள். அமைப்பை மறைத்து வெறும் எண்ணால் மட்டும் குறிப்பிட்டுப் பேசுவதை இந்த அரங்கில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலக்கூறைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார்கள்.

மஞ்சள், வேம்பு, நிலவேம்பு போன்ற நம் மூலிகைகளில் வேலை செய்கிறேன். அங்கே எடுபடுமா?

எடுபடும். ஆனால் கடுமையாகக் கேள்வி கேட்பார்கள், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

சிகாகோ ஃபார்மசி கல்லூரி இயற்கைப் பொருள் ஆய்வில் பேர்போனது. நார்மன் ஃபார்ன்ஸ்வொர்த் அங்கேதான் நாப்ரலெர்ட் என்ற மூலிகைத் தகவல் தளத்தை 1975இல் தொடங்கினார். ஆக, தாவர ஆய்வை இளக்காரமாகப் பார்க்கும் கூட்டம் இல்லை இது. அதே சமயம், மஞ்சளின் குர்க்குமின் பற்றி 2017இல் வந்த ஒரு கட்டுரையை எல்லோரும் படித்திருப்பார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் மினசோட்டா, சிகாகோ இரண்டு இடங்களையும் சேர்ந்தவர்கள். குர்க்குமின் நீர்க்கரைசலில் நிலைப்பதில்லை, கண்ட புரதத்தோடும் வினைபுரிகிறது, தானே ஒளிர்ந்து சோதனை அளவீட்டைக் குழப்புகிறது, வாய்வழியாகக் கொடுத்தால் இரத்தத்தில் சேர்வதே இல்லை என்று வேதியியல் காரணங்களை அடுக்கியிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், முறையாகக் கட்டுப்படுத்திய சோதனை ஒன்றிலாவது அது ஜெயித்ததாகக் காணோம் என்றும் எழுதினார்கள்.

நமக்கு மனசுக்குக் கஷ்டமான முடிவுதான். மஞ்சளைக் கையில் அள்ளிப் பூசி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கட்டுரை மஞ்சளைப் பழிக்கவில்லை. ஒரு தனி மூலக்கூறின் மேல் வைத்த கேள்விகள் அவை. எல்லாச் சோதனையிலும் 'வேலை செய்யும்' மூலக்கூறு ஏதாவது ஒரு நோய்க்கு மருந்தாகும் என்பதைவிட, சோதனையை ஏமாற்றுகிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். உங்கள் மூலிகை மூலக்கூறில் கேட்டெகோல், குயினோன், நிறைவுறா கீட்டோன் போன்ற, கண்ட புரதத்தோடும் வினைபுரியக்கூடிய பகுதி ஏதாவது இருந்தால், (அதைச் சோதிக்க) தயோல் என்ற கந்தகச் சேர்மம் சேர்த்துப் பார்த்தீர்களா, டிடர்ஜென்ட் சேர்த்துப் பார்த்தீர்களா, பிரித்தெடுத்த சாம்பிளின் தூய்மை எவ்வளவு என்ற மூன்று கேள்விகள் வந்தே தீரும். மூன்றுக்கும் பதிலோடு போனால் அரங்கம் உங்கள் பக்கம்.

இங்கிலீஷ் பயமாக இருக்கிறது.

அரங்கில் பாதிப் பேருக்காவது அது தாய்மொழியாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். நமக்கு உச்சரிப்பைவிட வேகம்தான் பிரச்சினை; பதற்றத்தில் இன்னும் கூடிவிடும். ஒரு ஸ்லைடு முடிந்ததும் ஒரு மூச்சு விடுங்கள். கேள்வி புரியாவிட்டால் "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வேறெதையோ பதிலாகச் சொல்வதுதான் கெடுதல்.

மாணவர்களே நடத்துவது என்றால் உண்மையில் என்னென்ன வேலை?

முறை வரும் வருடத்தில் துறை மாணவர்கள் ஒரு குழு போட்டுக்கொள்வார்கள். தலைமைக்கு ஒருவரோ இருவரோ, பணத்துக்கு ஒருவர், சுருக்கங்களுக்கு ஒருவர், தங்குமிடம், சாப்பாடு, அரங்கம் என்று ஆளுக்கொன்று. பேராசிரியர் ஒருவர் மேற்பார்வைக்கு இருப்பார்.

முதல் தலைவலி தேதி. நான்கு பல்கலைக்கழகங்களின் தேர்வு, ஈஸ்டர், அமெரிக்க வேதியியல் சங்கத்தின் வசந்த மாநாடு எல்லாவற்றையும் தாண்டி ஒரு வாரக்கடைசி கண்டுபிடிக்க வேண்டும். அதை முந்தின இலையுதிர் காலத்திலேயே முடிவு செய்தால்தான் அரங்கமும் விடுதி அறைகளும் கிடைக்கும். சிறப்புரையாளரையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். குளிர்காலம் முழுவதும் ஸ்பான்சர்களுக்குக் கடிதம். பிப்ரவரி, மார்ச்சில் சுருக்கங்கள் வரும். கடைசி நாளுக்கு மறுநாள்தான் பாதி வரும், அதற்கும் சேர்த்துத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

போஸ்டர் பலகையை மறந்துவிடாதீர்கள். அரங்கம் தருகிறவர்கள் பலகை தர மாட்டார்கள், தந்தாலும் அளவு பொருந்தாது. 48 அங்குலத்துக்கு 36 அங்குலம் என்று எல்லோரும் அச்சடித்துக்கொண்டு வந்த பிறகு அங்கே அதைவிடக் குறுகலான பலகை நின்றால் அவ்வளவுதான். பலகையை அளந்துவிட்டு அறிவிப்பை அனுப்புங்கள்.

நான்கு வருடத்துக்கு ஒரு முறை என்ற சுழற்சியில் ஒரு அழகு இருக்கிறது. பிஎச்.டி. ஏறக்குறைய ஐந்து வருடம். ஆக, ஒவ்வொரு மாணவரின் காலத்திலும் ஒரு முறையாவது தன் ஊரில் மாநாடு வந்துவிடும். ஒருவர்கூட விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போக முடியாது. இதே கணக்கில் ஒரு சிக்கலும் இருக்கிறது: போன முறை நடத்தியவர்களில் அநேகமாக எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். எந்தச் சாப்பாட்டுக்காரர் நேரத்துக்கு வந்தார், எந்த நிறுவனத்தில் யாருக்கு எழுதினால் பதில் வரும், மொத்தம் எவ்வளவு செலவானது என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். எனவே மாநாடு முடிந்த வாரத்திலேயே, களைப்பாக இருந்தாலும், எல்லாவற்றையும் எழுதி அடுத்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிரதி, துறையில் ஒரு பிரதி வைத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாத குழு, மற்ற எல்லாவற்றையும் நன்றாகச் செய்திருந்தாலும், பாதி வேலைதான் செய்திருக்கிறது என்பேன்.

பணம் எங்கிருந்து வருகிறது?

துறை கொஞ்சம், கல்லூரி கொஞ்சம், மருந்து நிறுவனங்களும் கருவி விற்பவர்களும் கொஞ்சம், பதிவுக் கட்டணம் கொஞ்சம். நிறுவனம் சம்மதித்துவிட்டதால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல்கலைக்கழகக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும், அதற்குப் படிவங்கள், கையெழுத்துகள். துறை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவரோடு முதல் நாளிலிருந்தே பேசிவையுங்கள். துறையின் பழைய மாணவர்களுக்கு எழுதுவது பெரும்பாலும் பலன் தரும். அவர்களும் ஒரு காலத்தில் இந்த மேடையில் நின்றவர்கள்தான்.

எப்படிப் போவது?

வேனில். சிகாகோவிலிருந்து அயோவா சிட்டிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மினியாபொலிஸிலிருந்து லாரன்ஸ் 750க்கும் மேல், ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாடகை வண்டி நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் போடும், எனவே யார் ஓட்டுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மினசோட்டாவில் ஏப்ரலிலும் பனி பெய்யும். ஜாக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். சைவம் என்றால் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள்.

இந்தியாவிலிருந்து இதற்காகவே வரலாமா?

வேண்டாம். விசாவுக்கும் விமானத்துக்கும் செலவு செய்து வரவேண்டிய வகை மாநாடு இல்லை இது. நான்கு துறைகளும் தங்களுக்குள் கூடுவதற்காக ஏற்பட்டது. அமெரிக்காவின் தென்பகுதியில் படிக்கப் போகிறீர்கள் என்றால் மால்டோ என்று இதே போன்ற கூட்டம் அங்கே இருக்கிறது. மிசிசிப்பி, ஆர்கன்சா, லூசியானா, டென்னசி, டெக்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களுக்கானது.

நம் ஊர்க் கல்லூரிகள் இப்படி நடத்த முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் ஃபார்மசி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பகல் பஸ் பயணத்துக்குள் நாலு கல்லூரிகள் சேர்ந்தால் போதும். ஆனால் நம் வழக்கப்படி குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, முதல்வர் உரை என்று காலைப் பொழுது போய், மாணவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி காலியான அரங்கில் பேசுவதாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. காலை ஒன்பது மணிக்கு முதல் மாணவர் மேடையில் நிற்க வேண்டும். சான்றிதழுக்காக வருகிறவர்களைத் தவிர்க்க ஒரு வழி, பேசுகிறவர்களுக்கும் போஸ்டர் போடுகிறவர்களுக்கும் மட்டும் சான்றிதழ் கொடுப்பது. முதல் முறை முப்பது பேர் வந்தாலே நிறைவு.

வேலை தேடும்போது உதவுமா?

விண்ணப்பத்தில் ஒரு வரி கிடைக்கும், அதற்கு மேல் அந்த வரிக்குப் பெரிய எடை இல்லை. பழக்கம்தான் உதவும். இன்று உங்கள் போஸ்டரில் குறை கண்டுபிடித்தவர் ஐந்து வருடம் கழித்து ஒரு நிறுவனத்தில் உங்களுக்கு நேர்காணல் எடுப்பவராக இருக்கலாம். மருந்து வேதியியல் அவ்வளவு சின்ன உலகம்.

சுருக்கத்தை எப்போது எழுதத் தொடங்குவது?

கிறிஸ்துமஸ் விடுமுறையில். அந்தச் சமயத்தில் கையில் இருக்கும் தரவை வைத்தே எழுதிவிடுங்கள், 'மார்ச்சுக்குள் வந்துவிடும்' என்று நம்பும் எண்களைச் சேர்க்காதீர்கள். எழுதியதை வேறு லேபில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எந்த மூலக்கூறில் எதை மாற்றினீர்கள் என்று அவரால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கைடுக்கு அனுப்பலாம்.